பஞ்சுத் தாடி

ஜனவரி 17, 2001

மகள் வெண்பாவின் மூன்றாம் வகுப்பில் அடுத்த மாதம் ஒரு கூத்து. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கண்டுபிடிப்பாளர் போல வேஷம் போட்டு, அவர் கதையைச் சொல்ல வேண்டுமாம். எல்லோரும் எடிசனுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நான் வெர்னர் சீமன்ஸ் என்றேன், ஜெர்மன்காரர். "ஹூ?" என்றாள். அவள் அப்பா சபரி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடிசனே சேஃப். எதுக்கு ரிஸ்க்?" என்றார்.

கோயம்புத்தூரில் எலெக்ட்ரிகல் படித்து, மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தவள் நான். இந்த வீட்டில் அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஜனவரி 21

ரவுண்ட் ராக் நூலகத்தில் புத்தகம் கிடைத்தது. நண்பன் போட்ட சண்டைக்குத் துணை போனதற்காக சீமன்ஸைச் சிறையில் அடைத்திருக்கிறார்கள். மனுஷர் அறைக்குள்ளேயே சாமான் வரவழைத்து, மின்சாரத்தால் தங்கமுலாம் பூசிப் பார்த்திருக்கிறார். மன்னிப்பு வந்தபோது, இன்னும் சில நாள் இங்கேயே இருக்கிறேனே என்று கேட்டாராம்.

கொடுத்துவைத்த கைதி! எனக்கு இங்கே அமெரிக்காவில் மூன்று பெட்ரூம், பின்னால் புல்வெளி. டிபென்டன்ட் விசாவில் வேலை பார்க்க மட்டும் அனுமதி இல்லை. சபரிக்குக் கம்பெனி மூலம் போட்ட கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால் எனக்கு வேலை அட்டை வரும். கோடைக்குள் வந்துவிடும் என்று சபரி சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் நாட்களை ஓட்டுகிறேன்.

பிப்ரவரி 9

இன்று கூத்து. பஞ்சில் சீமன்ஸ் தாடி செய்து வெண்பாவுக்கு ஒட்டினேன். போல்ட்டில் செம்புக் கம்பி சுற்றி, பொத்தானை அமுக்கினால் சீமன்ஸ் செய்தது போல டக் டக் என்று அடிக்கும் தந்திக் கருவி ஒன்றும் செய்திருந்தேன், வெண்பா ஸ்கூலுக்குப் போயிருந்த நேரங்களில். நன்றாகப் பேசினாள். தந்தியை யார் செய்தது என்று டீச்சர் கேட்டார்.

"மை டாட். ஹி இஸ் ஆன் இன்ஜினியர்."

குழந்தை பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருக்கிறாள். சபரி? டீச்சர் நீட்டிய கையைக் குலுக்கி "தேங்க் யூ" என்றார்!

காரில் கேட்டேன். "சின்ன விஷயம். அதை அங்க நின்னு எக்ஸ்பிளெய்ன் பண்ணிட்டு இருக்கணுமா?"

பிப்ரவரி 10

சபரி காபியை அவரே போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 25

இங்கே பழக்கமான ஜெயலீலா ஆன்ட்டி வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. அவர் கணவர் பால்துரை அங்கிளிடம் சபரி அளந்துகொண்டிருந்தார்: "ஸ்டாக் ஆப்ஷன்னு கம்பெனி ஷேர் நல்லா குடுத்தான் அங்கிள், அதான் கம்பெனி மாறினேன். கிரீன் கார்டு மறுபடி ஃபர்ஸ்ட்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணணும். பரவால்ல, இவ வீட்ல ஹாயாத்தான இருக்கா."

அக்டோபரில் கம்பெனி மாறியது தெரியும். மனு அப்படியே தொடரும் என்றுதானே என்னிடம் சொன்னார்? இனி என் வேலை அட்டையும் முதலிலிருந்துதான்.

பாவி மனுஷா — ஒரு வார்த்தை கேட்டியா என்கிட்ட? யார் வருஷத்தை எடுத்து யார் சூதாடுறது? ஹாயா இருக்கேனா நான்? ஹாயா!

ஏப்ரல் 4

சபரிக்கு வேலை போய்விட்டது. கம்பெனியில் பாதிப் பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். ஸ்டாக் ஆப்ஷன் வெறும் காகிதம். விசாவும் அந்த வேலையோடு போயிற்று.

ஏப்ரல் 19

சபரிக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. கோயம்புத்தூரில் என் பழைய மேனேஜர் கஸ்தூரிரங்கன் சாருக்கு போன் செய்தேன். "எப்பம்மா வர்றே? டெஸ்டிங்ல ஆளே இல்ல," என்றார்.

சபரி கேட்டுவிட்டு, "அப்ப உனக்கு சந்தோஷந்தான்," என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் நீயாகவா கொடுத்தாய்?

மே 2

ஜெயலீலா ஆன்ட்டி போன் செய்தார். "சபரி என்னம்மா பண்றார்?"

வெண்பாவின் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் அந்தப் பஞ்சுத் தாடி. எடுத்து வைப்பதா, தூக்கிப் போடுவதா என்று என்னைப் பார்த்தார்.

"வீட்ல ஹாயா இருக்கார் ஆன்ட்டி," என்றேன்.

அவருக்கு நன்றாகவே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு தாடியைப் பெட்டிக்குள் வைத்தார். சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆறவில்லை.

தந்தியை நானே எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.