லேடீஸ் பெட்டியில் ஏதென்ஸ்

காலையில் மண்பானை உடைந்தது. கை தவறவிட்டது வேலைக்கு வருகிற பெண். ஆனால் உடைந்த ஓட்டை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டவள் நான். ஈர மண் வாசனை குப்பென்று அடித்தது. "இன்னாம்மா, ஓட்டைக் கையில வச்சிகினு குந்திகினு கீறே? குடு, குப்பையில போட்டுர்றேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். மூண்ட கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. அதனால் செத்துப்போன உனக்கு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதற்கு வரவில்லை.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் வரை லேடீஸ் பெட்டி நம் ராஜ்ஜியம். நீ அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர், நான் பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பங்கஜம் சானடோரியத்தில் ஏறுவாள், டெலிபோன் ஆபீஸ் ஸ்டெல்லா பல்லாவரத்தில். இன்னும் சிலர். யாருக்கு ஜன்னல், யார் மடியில் யார் பை என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்வேன். நம் பெட்டியில் ஏறி நின்ற தடியன் ஒருவனைத் திட்டியே மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டதும் நான்தான். எனக்கு வாய் ஜாஸ்தி. இல்லையென்று எப்போது சொன்னேன்?

நீ கிரேக்கக் கதை சொல்வாய். சில நாள் ரோமாபுரி. "அவங்க யோசிச்சதுல பாதி நாம யோசிச்சாலே இந்தத் தேசம் உருப்பட்டுடும், விமலா" என்பாய். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

அந்தப் பயணம் எனக்கு என்னவென்று அங்கே உனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்ட புருஷன் திரும்பி வரவே இல்லை. அண்ணி என்னோடு பேசுவது, குழம்பைச் சூடு பண்ணிக்கொள் என்பதோடு முடிந்துவிடும். அந்த வீட்டில் நான் சிரித்தால் குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்கும். நான் சத்தமாகப் பேசியது, சிரித்தது எல்லாம் ரயிலில்தான். ஒரு நாள் பிளாட்பாரத்தில் உன் தோளில் சாய்ந்து இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நீ, ஒரு டிசம்பர் காலையில் கைப்பையிலிருந்து உடைந்த பூந்தொட்டி ஓடுகளை எடுத்தாய்.

"ஏதென்ஸ்ல வருஷா வருஷம் இப்படித்தான். யாராவது ரொம்ப ஓங்கிட்டாங்கன்னு ஊருக்குத் தோணினா, ஆளாளுக்கு ஓட்டுல பேர் எழுதிப் போடுவாங்க. யார் பேர் நிறைய விழுதோ அவர் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போகணும். குத்தம் எதுவும் இருக்கவேணாம். அவமானமும் கிடையாது. வீடு, சொத்து அப்படியே இருக்கும்."

"இதை நம்ம மந்திரிங்களுக்கு வைக்கணும்பா" என்றாள் ஸ்டெல்லா.

"முதல்ல நமக்கு வெச்சுப் பார்ப்போம். பத்து வருஷம் இல்ல, பத்து நாள். ஜெனரல் பெட்டியில போகணும். விளையாட்டுக்குத்தான்" என்றாய்.

சாக்பீஸும் நீயே கொடுத்தாய். எல்லோரும் எழுதி என் மடியில் போட்டார்கள், எண்ணுவது என் வேலை என்று யாரும் சொல்லக்கூட இல்லை. என் ஓடு மட்டும் வெறுமையாக இருந்தது. யாரை அனுப்புவது? எனக்கு மனசு வரவில்லை. மற்ற ஓடுகளைத் திருப்பினேன். விமலா, விமலா, விமலா. கரும்பலகையில் எழுதுகிற உன் குண்டு எழுத்திலும் விமலா. பெட்டியே கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். கிண்டியில் இறங்கி ஜெனரல் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, "ஏண்டி, அதான் முடிஞ்சுதே, வாடி" என்று தாம்பரத்தில் கூப்பிட்டாய். எட்டிப் பார்த்தேன். என் ஜன்னலோரத்தில் யாரோ ஒரு புதுப் பெண் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். ஏதென்ஸ்காரர்கள்கூடப் போனவன் வீட்டில் வேறு ஆளைக் குடிவைக்கவில்லையே! "போடி" என்று சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து முந்தைய வண்டிக்கு மாறிவிட்டேன்.

வெறியில் லைப்ரரிக்குப் போய் உன் ஏதென்ஸைப் படித்தேன். அங்கே பெண்ணுக்கு ஓடு கிடையாது. அடிமைக்கும் கிடையாது. நீயும் நானும் அந்த ஊரில் இருந்திருந்தால் ஓட்டைப் பெருக்கி அள்ளத்தான் விட்டிருப்பார்கள். போகட்டும். ஒருத்தர் மேல் குறையிருந்தால் நேரே சொல்ல வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும். வாயே திறக்காமல் ஆளை அனுப்பிவிட்டு அதற்கு ஜனநாயகம் என்று பேர்! இன்றைக்கு எந்தச் சங்கத்தில், எந்த ஆபீசில் இது நடக்கவில்லை? படித்தவர்கள் ஒருத்தரைத் தள்ளிவைத்தால் அதற்கு மரியாதையாக ஒரு பழைய ஊரின் பெயர் கிடைத்துவிடுகிறது. உன் கிரேக்கர்கள் இந்தச் சமூகத்துக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

சில வருஷம் கழித்துப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எதிரே வந்தாய். கேட்டே விட்டேன். "ஏண்டி என் பேரை எழுதினே?"

நீ நிஜமாகவே ஆச்சரியப்பட்டாய். "வேற யார் பேரை எழுதறது? பங்கஜம் அழுதுடுவா. ஸ்டெல்லா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நீதான் சிரிச்சுக்கிட்டே போவே. எல்லாருமே அப்படித்தான் நினைச்சிருப்போம்."

"ஆமா, எனக்கென்ன" என்றேன். நீ கத்தரிக்காய் பேரம் பேசப் போய்விட்டாய்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஓடு போட்ட அன்றைக்கு, ஆண்கள் நெருக்கியடித்த அந்தப் பெட்டியில், மாம்பலம் வருவதற்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஆபீசில் கண் ஏன் சிவந்திருக்கிறது என்றார்கள். தூசி என்றேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கூட்டத்திலாவது எல்லோரும் சேர்ந்து ஒருத்தரைக் கிண்டல் செய்து, அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனால், நானும் எழுந்து பின்னாலேயே போகிறேன். முக்கால்வாசிப் பேர் படியிறங்குவதற்குள் அழுதுவிடுகிறார்கள். நீயும் கிண்டியில் இறங்கியிருக்க வேண்டும்டி.