இங்கேதான் இருக்கிறாள்

ஜூன் 9, 2024. ஞாயிறு

மகள் ஸ்ரீப்ரியா திருவனந்தபுரம் கழக்கூட்டத்திலிருந்து வந்தாள். ஒரு பை மட்டும். ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டாள். "கை எதுக்கு இருக்கு?" என்றேன். தட்டை எடுக்கும்போதுதான் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. கதவில் பட்டதாம்.

முப்பத்தாறு வயதுக்காரியிடம் எந்தக் கதவு என்று கேட்பதா?

ஜூன் 10

கதவு இல்லை, லேப்டாப். இவள் டைப் செய்துகொண்டிருக்கும்போது ஆதிரா அதை அறைந்து மூடியிருக்கிறாள். இரண்டு முறை. "முதல் தடவையே கையை எடுத்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஆதிராவா? ஓணத்துக்கு ஓணம் எனக்குக் கசவுக்கரை போட்ட நேரியது வாங்கி வருகிறவள். என் பல்லுக்காக லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனவள். இவர்கள் இருவரும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. தெருவில் கேட்டால் மட்டும் வெறும் சிநேகிதி என்பதுபோல, "ஆபீஸ் கூட்டுக்காரி, ஒரே பிளாட்ல இருக்கா" என்பேன்.

ஜூன் 12

ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்குப் போனோம். "ரூம்மேட்ஸ் சண்டைதானே? வேற வீடு பாத்துக்கோ மோளே," என்றார் அங்கிருந்தவர்.

"ரூம்மேட் இல்ல சார், என் பார்ட்னர்."

பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, "சீக்கிரம் ஒரு கல்யாணம் நோக்குங்க அம்மா," என்றார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் ப்ரியா சொன்னாள்: "அந்த ஆளை என்ன சொல்ல? நீயும் அதைத்தானேம்மா ஊருக்குச் சொல்லிட்டிருக்க."

ஜூன் 14

இன்று வேறு இடம். இவளைப் போன்றவர்களுக்கென்றே கவுன்சலிங் செய்கிறார்கள். ஷைலஜா என்ற பெண். ஒன்றரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள்.

போலீஸுக்குப் போக ப்ரியாவுக்கு மனமில்லை. "இதுகள் இப்படித்தான்னு சிரிப்பாங்க." போனால் இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோவை ஆபீஸ் முழுக்க அனுப்புவேன் என்று ஆதிரா சொல்லியிருக்கிறாளாம்.

"பெண் அடிச்சாலும் அடி அடிதான்," என்றாள் ஷைலஜா. "இவ எங்க இருக்கான்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க அம்மா."

தலையாட்டினேன்.

ஜூன் 16. ஞாயிறு

காலையில் ஒரு புது நம்பர். "அம்மா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" ஆதிரா. குரலில் அத்தனை பிரியம். "ப்ரியா அங்க உண்டோ?"

"இங்கேதான் இருக்கிறாள்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கான்வென்டில் சிஸ்டர்கள் எட்டு வயதில் போட்ட பழக்கம் – கேட்ட கேள்விக்கு நேரான பதில். எழுபத்தைந்து வயது வரை அதில் எனக்கு எவ்வளவு கர்வம்!

ப்ரியாவை எழுப்பிச் சொல்வதற்குள் வாசலில் கார். தெருமுனையிலிருந்தே பேசியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பகவதிப்பெருமாள் தானே கேட்டைத் திறந்து, "அக்கா, மகளுக்கக் கூட்டுக்காரி வந்திருக்கா," என்று உள்ளே அனுப்பினார். அவருக்கு நான் சொல்லி வைத்திருந்தது அதுதானே.

ஆதிரா அழுதாள். ப்ரியாவின் காலைப் பிடித்தாள். "ஒண்ணு சம்சாரிச்சா மதி, அம்மா." பேசினால் மட்டும் போதுமாம். நான் காபி போட உள்ளே போனேன். வீட்டுக்கு வந்தவள் ஆயிற்றே.

டம்ளரோடு திரும்பியபோது ப்ரியா தரையில் கிடந்தாள், இடது காதைப் பொத்திக்கொண்டு.

நான் கத்தவில்லை. ஏன் கத்தல? பகவதிப்பெருமாளுக்குக் கேட்டிரும்னு. பாவி, அதையா நினைச்சேன் அப்ப?

ஜூன் 17

செவிப்பறை கிழிந்திருக்கிறது.

ஜூன் 19

ஷைலஜா வண்டியோடு வந்தாள். ப்ரியா பையை எடுத்தாள்.

"எங்க போற மக்ளே?"

"உனக்குத் தெரிய வேண்டாம்மா."

"நான் சொல்ல மாட்டேன்."

"உனக்குப் பொய் சொல்ல வராது. தெரியலேன்னா சொல்லவும் வேண்டாமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தோளைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

ஜூன் 25

மழை. அவள் படுக்கை விரிப்பை மடித்தேன். மூலை சரியாக வரவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

ஜூலை 7. ஞாயிறு

ஆதிரா மறுபடியும் கூப்பிட்டாள். தெரியாது என்றேன். "அம்மா பொய் சொல்ல மாட்டீங்கன்னு அறியாம், எனக்குத் தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பகவதிப்பெருமாள், "கூட்டுக்காரியைக் காணோமே அக்கா?" என்றார்.

"கூட்டுக்காரி இல்லை. என் மகளோடு குடும்பம் நடத்தினவள். அடித்தவள். இனி வந்தால் கேட்டைத் திறக்காதீங்க."

கையிலிருந்த பேப்பரை நாலாக மடித்தார். உள்ளே போனார். அவர் வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

ஜூலை 13. சனி

சனிக்கிழமைகளில் ஷைலஜா போன் செய்கிறாள், இரண்டு நிமிடம். ப்ரியா சுகமாக இருக்கிறாளாம். வாரம் இரண்டு முறை கவுன்சலிங். என்னோடு பேசுவதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

பகவதிப்பெருமாளிடம் சொன்னதைச் சொல்லி அனுப்ப நினைத்தேன். வாய் வரவில்லை. கையால் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டேன்.

"கவனிக்கலையே அம்மா. பாத்துட்டு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்."