சுவரிலிருந்து உரித்த முகம்

பாய்,

நேற்று மதியம் டிவியில் அந்தப் பழைய தெலுங்குப் படத்தைப் போட்டார்கள். எப்போது போட்டாலும் முதல் தடவை பார்ப்பதுபோல் என் நைனா உட்கார்ந்துவிடுவார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேனே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். பெரிய வீட்டுப் பிள்ளை காணாமல் போகிறான். அச்சு அசலாக அவனைப் போலவே இருக்கும் ஏழை ஒருவனைக் கூட்டிவந்து அவன் இடத்தில் வைக்கிறார்கள். அவன் வாசலில் வந்து நிற்கிற காட்சி வந்ததும் தாயும் பெண்டாட்டியும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டாள். நீங்கள் போய்விட்ட செய்தி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

அந்தப் படத்தை வைத்து எங்கள் வீட்டில் ஓயாத சண்டை நடக்கும். "பெத்தவளுக்கும் கட்டிக்கினவளுக்குமா ஆளு மாறிப்போனது தெரியாது? தெரியாமலே சோறு போடுவாங்களா? இன்னா கதை இது?" என்பாள் அம்மா. "சினிமான்னா நம்பணும்டி. நம்பாதவ போய் அரிசி பொறுக்கு" என்பார் நைனா. நான் நைனா கட்சி. முகம் ஒன்றாக இருந்தால் யாருக்குத்தான் தெரியும் என்று வாதாடுவேன்.

நைனா போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. ரயில்வே ஷெட்டுக்கு வேலைக்குப் போனவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். எங்களுக்கு அழவே தெரியாமல் திகைத்துக் கிடந்த அந்த நாட்களில், ஷெட் நண்பர்கள் எங்களைக் கேட்காமலே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். அவர்கள் பாசம் கொஞ்சம் தாராளமானது. ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் தெருவோடு நிற்காமல், மேற்கே மார்க்கெட் சுவர், சுரங்கப்பாதை, பஸ் ஸ்டாப் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டித் தள்ளிவிட்டார்கள். நெற்றியில் நாமம், கழுத்தில் மாலை, கீழே "எங்களை விட்டுப் பிரிந்தாயே". அந்த மார்க்கெட்டில் நீங்கள் சூட்கேஸ் கடை திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன என்பது யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கதவு தட்டினார்கள். திறந்தேன். என் நைனா நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய சாவுப் போஸ்டரைச் சுருட்டி வைத்திருந்தார்.

நான் கத்தினேன் என்று பக்கத்து வீட்டக்கா பிறகு சொன்னாள். எனக்கு அது நினைவில் இல்லை. "நைனா" என்று உங்கள் கையைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. கை சூடாக இருந்தது. இரண்டு நாள் முன்புதான் நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்திருந்தேன், அது ஜில்லென்று இருந்தது. பயத்தில் விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. நீங்களும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த நைனாவின் படத்தைப் பார்த்து உங்கள் உதடு வெளுத்துப்போயிருந்தது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். உங்களைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"யாருங்க நீங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கு எனக்கு விழுந்த அடிகளில் பெரியது அதுதான். நான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தாலி கட்டிக்கொண்டவள் யாரென்று கேட்கிறாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "செருப்ப வெளியில விட்டுட்டு நின்னாரு. உங்க நைனா என்னிக்குடி செருப்ப வெளியில விட்டாரு? கூடம் வரைக்கும் வந்து, நான் கத்தின அப்புறம்தானே கழட்டுவாரு" என்றாள்.

நீங்கள் திண்டாடித் திண்டாடிப் பேசினீர்கள். "மன்னிச்சுக்கங்கம்மா. துக்க வீட்டுல வந்து பேசக்கூடாதுதான். ரெண்டு நாளா என்னால கடை திறக்க முடியல. ஷட்டர்ல யாரோ மாலை போட்டுட்டுப் போயிட்டாங்க. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துட்டு கிளாஸைக் கீழ போட்டுட்டார். அதெல்லாம் போகட்டும். என் பொண்ணு ஸ்கூலுக்குப் போற வழி பூரா ஒட்டியிருக்கு. நான் எதிர்ல உட்கார்ந்து ஊட்டினாலும் சாப்பிட மாட்டேங்குது. என் மூஞ்சியத் தொட்டுத் தொட்டுப் பார்க்குது."

"கிழிச்சுப் போட வேண்டியதுதானே?" என்று அம்மா கேட்டாள்.

"போனேன்மா. செத்தவர் மூஞ்சி. அது என் மூஞ்சியாவே இருந்தாலும் கை வரல. இது ஒண்ணை மட்டும் தண்ணி தெளிச்சு உரிச்சேன். நீங்க சரின்னா மத்ததையும் எடுத்துடுறேன். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் நகத்தாலேயே பிறாண்டியிருப்பேன். உங்களுக்கு அனுமதி வேண்டியிருந்தது.

காரியம் முடியும்வரை அம்மா வாசற்படி தாண்டக்கூடாது என்று அத்தைமார் காவல் இருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவள் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "அவரு மூஞ்சி, நான்தான் எடுப்பேன்" என்றாள். பெரியத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் பழைய தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அந்தக் காலையைத் தாம்பரம் மறந்திருக்காது. செத்துப்போனவர் தன் அஞ்சலிப் போஸ்டருக்குத் தானே தண்ணீர் தெளிக்கிறார். அவர் பெண்டாட்டி ஓரத்தைப் பிடித்து உரிக்கிறாள். மகள் தோசைத் திருப்பியால் சுரண்டுகிறாள். சுரங்கப்பாதையில் எங்களைப் பார்த்த பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். உங்களுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டீர்கள். அம்மா சிரிக்கவில்லை. ஒரு போஸ்டரையும் அவள் குறுக்கே கிழியவிடவில்லை. ஈரக் காகிதத்தை மடித்து மடித்து வாளியில் வைத்தாள்.

எல்லாம் முடிந்து, நீங்கள் முதலில் உரித்ததையும் வாளியில் போட நீட்டினீர்கள். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். ஸ்டேஷன் மேம்பாலத்தின் அடியில் நின்று உங்கள் முகத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க. அடுத்த தடவ வந்தா நான் செருப்பப் பாக்க மாட்டேன்."

நீங்கள் தலையசைத்துவிட்டுப் போனீர்கள். அந்தச் சினிமாக் கதையை வருஷக்கணக்காக நம்பாத பெண் சொன்ன வார்த்தை அது.

நீங்கள் வரவே இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் கடைக்கு இடம் மலிவாகக் கிடைத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். நான்தான் வந்தேன். காலேஜ் பையில் ஜிப் போச்சு, பிடி போச்சு என்று ஏதாவது ஒரு சாக்கு. ஜிப் நன்றாகத்தான் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மெழுகுத் துண்டை எடுத்துத் தேய்த்துக் கொடுப்பீர்கள். "வாம்மா, டீ சாப்பிடு. அம்மா தூங்குறாங்களா?" என்பீர்கள். எங்காவது சொந்தம் இருக்குமோ என்று இருவரும் ஊர் ஊராகத் தோண்டிப் பார்த்தோம். நீங்கள் கடலோரம், நாங்கள் நெல்லூர்ப் பக்கம். ஒரு முடிச்சும் சிக்கவில்லை. "அல்லாஹ் ஒரே அச்சுல ரெண்டு போட்டுட்டான். நமக்கென்ன கணக்கு?" என்றீர்கள். நான் கல்யாணமாகி ஊரப்பாக்கம் போனபிறகு மாதம் ஒருமுறை என்றாகி, பிள்ளை பிறந்தபின் அதுவும் நின்றது.

போன வாரம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கதவு தட்டினார்கள். தலையில் துப்பட்டா போட்ட பெண். முகம் எங்கோ பார்த்ததாக இருந்தது. என் மூக்கு அவளுக்கு.

"அக்கா, நான் மார்க்கெட் சூட்கேஸ் கடை பாயோட பொண்ணு. அத்தா மௌத்தாயிட்டாங்க."

இரண்டாவது முறையும் அதே வாசல். இந்தத் தடவை கத்தவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது நாளாகிறதாம். சொல்லி அனுப்ப எங்கள் நம்பர் அவர்களிடம் இல்லை.

"அந்த போஸ்டருக்கு அப்புறம் அத்தா போட்டோவுக்கே நிக்க மாட்டாங்கக்கா. யாராவது கேமராவை எடுத்தா எழுந்து போயிடுவாங்க. வோட்டர் அட்டையில இருக்கறது யாருன்னே தெரியல. அவங்க வச்சிருந்த போஸ்டரும் மழையில ஊறிப் போச்சு. உங்க அப்பா போட்டோ ஒண்ணு கிடைக்குமா?"

அம்மா பீரோவைத் திறந்து படங்களைத் தரையில் பரப்பினாள். கோயிலில் எடுத்தது வேண்டாம், கல்யாணத்தில் எடுத்தது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நெற்றியில் நாமம் இல்லாத நைனாவைத் தேடினாள். ஒன்றே ஒன்று இருந்தது. தலை குளித்துவிட்டு வந்து, யாரோ கூப்பிடத் திரும்பியபோது எடுத்தது. வேறு பிரதி கிடையாது. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எங்க அத்தா இப்படிச் சிரிக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றாள், மெதுவாக.

"தெரியும்மா" என்றாள் அம்மா.

அவளுக்கும் தெரிகிறது, பாய். அம்மாவுக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. நைனா போகும்போது அவர் தலையில் ஒரு நரை இல்லை. அதன்பிறகு காதோரம் வெளுத்ததும், கன்னம் ஒட்டியதும், கண்ணாடி போட்டதும் உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் இளமையோடு நின்றுபோனவர் உங்கள் கடையில் கிழவராகிக்கொண்டிருந்தார். இப்போது நைனாவை நினைத்தால் எனக்கு வருவது அந்த நரைத்த முகம். அது அவருடையது அல்ல என்று தெரியும். அதற்காகத்தான் இந்த வாரம் முழுக்க அழுதேன்.

அந்தப் பெண் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். அவள் வெளியே விட்டிருந்த செருப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒரு தடவ வந்திருக்கலாம் உங்க அத்தா. நான் சொன்னா, வராமலே இருந்துடறதா?" என்றாள்.