ஒரு கண்டமே எனக்குச் சக்களத்தி

என் கண்ணான மச்சானுக்கு,

உங்கள் மேல் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் முதல் வரி இப்படித்தான் வருகிறது. இத்தனை வருடப் பழக்கம். கை சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்க்காரர்களின் ஆண்டு மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். புருஷனுக்கு எழுதுவதை ஊர் படிக்கலாமா என்பீர்களோ? நீங்கள் மட்டும் வீட்டில் என்னிடம் பேசாததையெல்லாம் மைக் பிடித்து ஊருக்குப் பேசவில்லையா? நானும் ஊர் கேட்கத்தான் உங்களிடம் பேசப்போகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நம் இம்ரான் ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்கிக் குடிபோய்விட்டான். கீழ்த்தளத்தில் எனக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறான். நான் இன்னும் ரிச்சர்ட்சனில் நம் பழைய வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. உங்கள் காரை நானே ஓட்டுகிறேன். ஃப்ரீவேயில் ஏறும்போது பிஸ்மி சொல்லிவிட்டு, லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு வலது ஓரமாகவே போகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

போன சனிக்கிழமை அந்தக் காரை எடுத்துக்கொண்டு எங்கே போனேன் தெரியுமா? உங்கள் ஆப்பிரிக்கக் கூட்டத்துக்கு. ஆமாம், நானேதான். சண்டை போடுவதென்று முடிவு செய்துகொண்டு போனேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இம்ரான் நடை பழகிய சமயம் உங்கள் கம்பெனி உங்களை கானாவுக்கு அனுப்பியது. செல்போன் கோபுரங்கள் நிறுத்துகிற வேலை. கொஞ்ச நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனீர்கள். அது வருடங்களாக நீண்டது. நான் பனியிலும் வெயிலிலும் கைப்பிள்ளையோடு இங்கே இருந்தேன். ஒருவழியாகத் திரும்பி வந்தீர்கள், ஆனால் பாதி மனிதராகத்தான். மீதியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தீர்கள்.

அப்புறம் தொடங்கியதுதான் அந்தக் கூட்டம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, கல்லூரி அரங்கில், யார் வேண்டுமானாலும் வரலாம். கடன் வாங்கிப் போட்ட ரயில் பாதையால் யாருக்கு லாபம், கோகோ விளைவிக்கிற குடும்பம் ஏன் சாக்லேட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, பட்டாளம் ஆட்சியைப் பிடித்தால் ஜனங்கள் ஏன் தெருவில் ஆடுகிறார்கள், இப்படி ஒவ்வொரு மாதமும் ஒரு பேச்சு. சனிக்கிழமை வந்தால் நீங்கள் காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிடுவீர்கள். என்னோடு கல்யாண வீட்டுக்கு வருவதென்றால் கசங்கிய ஜிப்பா போதும் உங்களுக்கு.

நம் பள்ளிவாசல் பெண்கள் சும்மா இருப்பார்களா? "சபுரா, ஒன் மாப்பிள்ளைக்கு ரெண்டாம் தாரம் ஆப்பிரிக்காவாம்ல?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். ஒரு பெண்ணாக இருந்தால் எதிரே நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். ஒரு கண்டமே சக்களத்தியாக வந்தால் எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?

"நீயும் வாயேன் சபுரா" என்று நீங்கள் கூப்பிட்டதுண்டு. மறைக்கவில்லை. சக்களத்தி வீட்டுக்கு யாராவது விருந்துக்குப் போவார்களா, மச்சான்?

நீங்கள் மௌத்தான அன்று அவர்கள் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். கானாக்காரர்கள், நைஜீரியாக்காரர்கள், சூடான்காரர்கள். அவர்களில் ஒருத்தி சிவப்பும் கறுப்புமாக உடுத்தி வந்திருந்தாள். அவர்கள் ஊரில் துக்கத்துக்கு அதுதான் நிறமாம். அவள் பெயர் அகோசுவா. இங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவள், இம்ரானைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். வாசலில் நின்று அவள் அழுத அழுகை இருக்கிறதே! வாய்விட்டு அழக்கூடாது என்று நான் பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். நான் அடக்கிவைத்ததையெல்லாம் அவள் அழுது தீர்த்துவிட்டாள். "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று வந்தவர்கள் என்னிடமே கேட்டார்கள். என்ன சொல்வது? எனக்கே சரியாகத் தெரியாது.

தப்பாக எதுவும் நினைக்கவில்லை. உங்களை எனக்குத் தெரியும். ஆனால் என் துக்கத்தில் அவள் பங்கு எடுத்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து நான் வெளியே வர ஆரம்பித்த பிறகு அவள் போன் செய்தாள். உங்கள் பெயரில் ஒரு கூட்டம் நடத்தப்போகிறார்களாம். மேடையில் வைக்க உங்கள் போட்டோ ஒன்று வேண்டும் என்றாள். தரமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

"உம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ போட்டோ" என்றான் இம்ரான்.

"இருக்கட்டும். அவங்ககிட்ட உங்க வாப்பா நெறைய இருக்காரு. என்கிட்டதான் கம்மி."

சில நாள் கழித்து அவன் கைப்பேசியில் அந்தக் கூட்டத்தின் அழைப்பைக் காட்டினான். பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், 'நம் மச்சான் நினைவாக' என்று. ஆங்கில எழுத்தில், மச்சான்!

"இது என்னடா?"

"அவங்க எல்லாரும் வாப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க உம்மா. நீங்க போன் பண்றப்ப ஸ்பீக்கர்ல 'மச்சான், வரும்போது பால் வாங்கிட்டு வாங்க'ம்பீங்கள்ல? அதை அவர் நிக்நேம்னு நெனச்சுட்டாங்க. இட்ஸ் கைண்ட் ஆஃப் ஸ்வீட்."

ஸ்வீட்டாம்! வாலிபப் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட்டுக்கொள்கிற மச்சான் வேறு. நான் கூப்பிட்டது மாமா மகள் மாமி மகனைக் கூப்பிட்டது, நிக்காஹ் ஆன அன்று வெட்கத்தோடு கூப்பிட ஆரம்பித்தது. உங்களிடம் என்னுடையது என்று இருந்த ஒரே வார்த்தை அது. அதையும் கொண்டுபோய் ஒரு ஹால் நிறையப் பேருக்குப் பகிர்ந்துவிட்டீர்கள்.

அதனால்தான் போனேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் உங்கள் படம். நான் தராவிட்டால் என்ன, அவர்களிடமே இருந்திருக்கிறது. விரலை உயர்த்தி, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அகோசுவா எழுந்து பேசினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "இந்த மனுஷனும் நானும் ஒரு மாசம்கூட ஒத்துப்போனதில்ல. வெளிநாட்டு உதவி வேணுமா வேணாமான்னு சண்டை. கரண்ட் சுரங்கத்துக்கு முதல்லயா கிராமத்துக்கு முதல்லயான்னு சண்டை. ஒரு தடவை மேஜையைக் குத்தினதுல அவர் வாட்ச் கண்ணாடி உடைஞ்சுபோச்சு. பார்க்கிங்ல நின்னும் சண்டை போடுவோம். அவர் மாதிரி என்னை மதிச்சுச் சண்டை போட்டவங்க யாரும் இல்ல."

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வாட்ச் கண்ணாடி, கதவில் இடித்துவிட்டது என்று நீங்கள் சொன்னதுதானே?

மச்சான், என்னோடு ஒரு நாளாவது சண்டை போட்டிருக்கிறீர்களா? சுவருக்கு என்ன நிறம் என்றால் "ஒன் இஷ்டம்." இம்ரானுக்கு எங்கே பெண் பார்ப்பது என்றால் "நீ சொன்னா சரி." தங்கமான மாப்பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உங்களுக்குக் கோபமே வராது என்றல்லவா நினைத்திருந்தேன்? அத்தனை கோபத்தையும் எடுத்துவைத்து, மாதாமாதம் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அன்பைப் பங்கு போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைய பேச்சு, வெளிநாடு போனவர்கள் அனுப்புகிற பணத்தால் ஆப்பிரிக்க நாடுகள் முன்னேறுமா என்பது. முன்னேறும் என்று ஓர் எத்தியோப்பியாக்காரர் படமெல்லாம் போட்டுக் காட்டினார். அகோசுவாவும் அவர் பக்கமே பேசினாள். கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்து மைக்கை வாங்கினேன். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும், கோபம் வந்தால் நன்றாக வரும்.

"நான் அமீனோட வைஃப். முதல்ல ஒண்ணு சொல்லணும். மச்சான்கிறது அவர் பேர் இல்ல. எங்க வீடுகள்ல பொண்டாட்டி புருஷனைக் கூப்பிடுற வார்த்தை அது. நீங்க எல்லாரும், முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற இந்தத் தாடி புரொஃபசர் உட்பட, இவ்வளவு வருஷமா என் புருஷனை நான் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டுட்டு இருந்திருக்கீங்க."

அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. புரொஃபசர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அவர் எங்களைத் திருத்தவே இல்லையே!" என்றாள் அகோசுவா.

ஏன் திருத்தவில்லை, மச்சான்? சொல்லக் கூச்சமா? இல்லை, அங்கேயும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்க ஆசையா?

நான் சிரிக்கவில்லை. மைக்கையும் விடவில்லை. "எங்க ஊரு அதிராம்பட்டினம். கடலோரம். ஆம்பளைங்க அந்தக் காலத்துல பர்மா, சிங்கப்பூர் போனாங்க. அப்புறம் சவூதி, துபாய். பணம் வந்துச்சு, ஊரெல்லாம் மாடி வீடாச்சு. மேல ஏறிப் பார்த்தா ஆள் இல்ல. துணி காயப்போடத்தான் மாடி. இதுக்குப் பேரு முன்னேத்தமா?"

கை தட்டினார்கள், மச்சான். எனக்கு!

அகோசுவா தட்டவில்லை. "நான் ஒத்துக்கமாட்டேன்" என்றாள். "எங்கப்பா ஹியூஸ்டன்ல டாக்ஸி ஓட்டித்தான் எங்க ஊரு குமாசியில எனக்கு ஃபீஸ் கட்டினாரு. அவர் எங்கம்மா பக்கத்துலயே இருந்திருந்தா நான் இன்னிக்குச் சந்தையில தக்காளி வித்துட்டிருப்பேன். எங்கப்பா செஞ்சது தப்புங்கிறீங்களா?"

"உங்கம்மாவைக் கேட்டியா?" என்று கத்திவிட்டேன்.

"கேட்டேன்" என்று அவளும் கத்தினாள். "இன்னும் அப்பாவோட சரியாப் பேசமாட்டாங்க. ஆனா என் டிகிரியை ஃபிரேம் போட்டு வாசல்லயே மாட்டி வெச்சிருக்காங்க. இப்ப சொல்லுங்க!"

தோற்றுத்தான் போனேன். ஆனாலும் மைக்கைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. ஒன்று சொல்லட்டுமா? எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.

அப்போது அவள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்த மாடி, காயுற துணி, இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். அமீன் சொல்வாரு. இதே வார்த்தை. அவர் சொல்றப்பவும் இப்படித்தான் எல்லாரும் தட்டுவாங்க."

மச்சான்! அது நான் சொன்னதல்லவா? சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டே நான் உங்களிடம் சொன்னதல்லவா? நீங்கள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தீர்கள். கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறீர்கள். கேட்டதை மடித்து எடுத்துப்போய் அந்த மேடையில் உங்கள் பேச்சாக விரித்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது. மறுபக்கம், அந்தக் கைதட்டலெல்லாம் எனக்கு வரவேண்டியது என்று பொறாமை பொங்கியது. உங்கள் மேலேயே எனக்குப் பொறாமை. இதை எங்கே போய்ச் சொல்ல?

கூட்டம் முடிந்து கார் அருகே போனேன். அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். "இனிமே அவரை எப்படிக் கூப்பிடறது?" என்றாள், குழந்தை மாதிரி.

"அமீன்னு கூப்பிடுங்க. மத்தது என்னோடது."

தலையாட்டினாள். "அடுத்த மாசம் வாங்க. துறைமுகத்துக்கு வாங்கின கடனைப் பத்திப் பேசப்போறோம். அவர் சீட்ல நீங்க உட்காருங்க."

"அவர் சீட் எனக்கு வேணாம். எனக்குன்னு ஒண்ணு போடுங்க."

அவள் சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் விலகவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று எழுதமாட்டேன். அவளிடம் உங்களுடைய எத்தனையோ சண்டைகள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அங்கேயே வெயிலில் நின்று, நீங்கள் கையை ஆட்டிப் பேசுகிறதை நடித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேரும்வரை வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

இப்போது மேஜை நிறையத் துறைமுகம், வட்டி, குத்தகை என்று படித்துக்கொண்டிருக்கிறேன். "உம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்கிறான் இம்ரான். ஃபிரிஸ்கோ அறை இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்து வந்துபோக எனக்குத் தூரம்.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். அகோசுவா உங்களைத் தோற்கடித்த ஒவ்வொரு வழக்கையும் நான் திரும்ப எடுத்து நடத்துவேன். சிலவற்றிலாவது ஜெயிப்பேன். மறுமையில் அல்லாஹ் நம்மைச் சேர்த்துவைக்கும் நாளில், சலாம் சொன்ன கையோடு உங்களிடம் ஒரு சண்டையைத் தொடங்குவேன். மேடையில் பார்த்த அந்த முகத்தோடு நீங்கள் என்னைப் பார்த்துக் கத்த வேண்டும். அதைப் பார்க்காமல் விடமாட்டேன்.

உங்களை ஒரு கண்டத்தோடும் பங்கு போட மனமில்லாத
உங்கள் மாமா மகள்,
சபுரா