அளவு சரிவராது என்று சொன்ன சில்லுகள்

அண்ணை,

நேற்றுக் காலை ஹேர்னிங் கராஜில் என் காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். போன மாதம் வாங்கிய பழைய கார், என்னிடம் வந்தபின் முதல் சேர்விஸ். கறுத்துப்போன எண்ணெயை வடித்த மெக்கானிக், "முந்தின சொந்தக்காரன் இதைத் திறந்தே பார்க்கவில்லை போல" என்று டேனிஷில் சிரித்துவிட்டு, பனித் தெருவுக்கென்று டயரோடு மாற்றும் குளிர்காலச் சில்லுகளைக் கறுப்புப் பைகளிலிருந்து எடுத்தான். ஒன்றைத் திருப்பியவன் என்னைக் கூப்பிட்டான். டயரின் உட்பக்கத்தில் அழியாத வெள்ளைப் பேனையால் ஏதோ எழுதியிருந்தது.

"இது என்ன எழுத்து?"

"தமிழ். முன் இடது என்று எழுதியிருக்கிறது."

"நீயா எழுதினாய்?"

"இல்லை" என்றேன். உங்கள் கையெழுத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை, அண்ணை. ஏனென்று உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் வந்தால் குளிர்காலச் சில்லு மாற்ற உங்கள் வீட்டு முற்றத்தில் கார்கள் வரிசையாக நிற்கும். கோயிலில் ஐயரிடம் திருநீறு வாங்கக்கூட எங்கள் ஆட்கள் அப்படி ஒழுங்காக நின்றதில்லை. பிராண்டேத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த களையோடு நீங்கள் ஜாக்கை உருட்டிக்கொண்டு வருவீர்கள். சொந்தக் கார் இல்லாத நான் பக்கத்தில் நின்று ரோச் லைற் பிடிப்பேன். "டேனிஷ்காரன் வானத்தைப் பாத்துச் சில்லு மாத்துவான், எங்கடை ஆக்கள் பக்கத்து வீட்டுக்காரனைப் பாத்து மாத்துவினம்" என்பீர்கள். யாராவது புதுக் காரின் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தால், "நசி, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நட்டையும் ஒருக்கா இறுக்கிப் பார்" என்பீர்கள்.

உங்களுக்கு வருத்தம் முற்றி, ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த நாட்களில்தான் உங்கள் கார் பரிசோதனையில் தேறாமல் பழைய இரும்புக்குப் போனது. "விண்டர் சில்லு நாலும் புதுசடா, ஏன் எறிவான்? நீ கார் வாங்கேக்கை என்ரை மாதிரியே ஒண்டு வாங்கு. அப்பிடியே பூட்டலாம்" என்றீர்கள். சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் தேடித் தேடி அதே காரை வாங்கினேன். அண்ணையின் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலிருந்து அக்கா ரெலிபோன் எடுத்தார். "தம்பி, கார் வாங்கியாச்சாமே, சந்தோசம். அவர் சொன்ன சில்லெல்லாம் கழுவித் துடைச்சு வைச்சிருக்கிறன். வந்து கொண்டு போம்."

பக்கத்தில் நின்ற என் மனைவி மெல்லக் கேட்டாள்: "செத்தவரின்ரை சாமானையோ முதல் முதல் பூட்டப் போறியள்?" கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். பழியை அவள் தலையில் கட்ட மாட்டேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், பயம் எனக்குள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். அந்த எனக்கு உங்கள் சில்லைத் தொடப் பயம். வெட்கக்கேடு.

"அது அளவு சரிவராது அக்கா" என்றேன்.

"அவர் சரிவருமெண்டெல்லோ சொன்னவர்?"

"இது வேறை வருசத்து மொடல்."

பிறகு "ஓம் தம்பி" என்று வைத்துவிட்டார். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளி கோயில் முடிய நல்ல மழை. என் மகள் ஓடிப்போய், "மாமி, வாங்கோ, எங்கடை காரிலை போவம்" என்று அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "வேண்டாம் பிள்ளை. புதுக் கார். நான் ஏறக் கூடாது. பஸ்ஸிலை போறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். தான் தாலி இழந்தவள் என்பதால்தான் நான் சில்லை மறுத்தேன் என்று அக்கா விளங்கிக்கொண்டுவிட்டார். அப்படியில்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. உங்கள் சாவுக்குப் பயந்ததும் அவரை ஒதுக்கியதும் ஒன்றுதானே? காரில் மகள் டேனிஷில் கேட்டாள்: "புதுக் காரில் மாமி ஏன் ஏறக் கூடாது?" நான் கண்ணாடித் துடைப்பானை வேகமாகப் போட்டேன். பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நின்ற அக்காவைத் தாண்டித்தான் நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாசலில் நின்று, "அக்கா, மெக்கானிக்கிட்டைக் கேட்டனான். சரிவருமாம்" என்று இன்னொரு பொய் சொன்னேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். அளக்காமல் சொல்லியிருப்பீர்" என்றார் அக்கா. என் பொய்க்கு அவரே முட்டுக்கொடுத்தார். பின் கொட்டிலைத் திறந்து, ஒரு சில்லைப் பையோடு உருட்டிக்கொண்டு காரடிக்கு வந்தார். டிக்கியைத் திறந்தேன். அவர் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"தம்பி, நான் தூக்கி வைக்கலாமோ? காரிலை என்ரை கை படலாமோ?"

இருபது வருடமாக எனக்குச் சோறு போட்ட கை அது, அண்ணை. நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன்.

"அக்கா, அளவு சரியெண்டு எனக்கு முதலே தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்றார். "பிடியும், பாரமாய்க் கிடக்கு."

இருவருமாக நாலையும் ஏற்றினோம். திட்டவில்லை, அழவில்லை. தேத்தண்ணி தந்தார், குடித்தேன்.

நேற்றுப் பின்னேரம், உங்கள் சில்லுகளில், அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகப் போனேன். எத்தனையோ சாட்டுச் சொல்லிவிட்டுக் கடைசியில் வந்தார். நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவர் பின்கதவைத் திறந்தார்.

"முன்னுக்கு இருங்கோ அக்கா."

"வேண்டாம் தம்பி. முன்னுக்கு இருந்தால் எனக்குத் தலை சுத்தும்."

உங்கள் காரில் நீங்கள் ஓட்ட, அக்கா பக்கத்தில், நான் பின்னால். அப்படி எத்தனை வருடம் போய்வந்திருப்போம்! ஒருநாளும் அவருக்குத் தலை சுற்றியதில்லை. வீட்டிலிருந்து கோயில்வரை "மெல்ல, மெல்ல, சிவப்பு விழுந்திட்டுது" என்று உங்களை ஓட்டுவித்ததே அவர்தான். நேற்று என் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் உறைபனி பிடிக்கத் தொடங்கியிருந்தது, கார் வழுக்காமல் போனது. அதைச் சொல்ல வாயெடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். கைகள் இரண்டையும் மடியில் வைத்து, சீற்றில்கூடச் சாயாமல், எதிலும் தன் உடம்பு பட்டுவிடாமல் இருந்தார்.

அவர் மன்னித்துவிட்டார், அண்ணை. ஆனாலும் என் காரில் அப்படித்தான் இருக்கிறார்.