கில்பிரானித் தண்ணீரும் என் கையெழுத்தும்

11 பிப்ரவரி 2008
இன்று இரண்டு சாவு வீடு, ஒரு சாலைப் பள்ளம். இரண்டாவது வீட்டில், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தபோது டப்ளினிலிருந்து கட்சிச் செயலாளர் கோல்ம் டூஹி கூப்பிட்டார். எங்கள் பகுதியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் உடம்பு முடியாமல் பதவி விலகுகிறாராம். மாற்று ஆட்கள் பட்டியலில் எப்போதோ என் பெயரையும் போட்டிருந்தார்கள். பட்டியல் நீளமாகத் தெரியட்டும் என்று போட்ட பெயர். எனக்கு முன்னால் இருந்தவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க டெர்வ்லா. பிரஸ்ஸல்ஸ் காத்துக்கிட்டு இருக்காது."

பத்தொன்பது வருஷமாக மாவட்டக் கவுன்சிலில் இருக்கிறேன். பள்ளம், தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை. எனக்கு ஐரோப்பாவில் என்ன வேலை? இப்படிக் கேட்டுக்கொண்டே பாஸ்போர்ட்டைத் தேடினேன்.

12 பிப்ரவரி
என் கணவர் மாஸி கால்நடை வைத்தியர், ஏதோ பண்ணையில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தார். சொன்னேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "போயிட்டு வாயேன். இங்க இருந்தா மட்டும் நீ வீட்டுலயா இருக்கே?" என்றார். கேலியா, வருத்தமா? முப்பது வருஷமாகியும் இந்த மனிதரின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

14 பிப்ரவரி
சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு பதவியிலும் இருக்கக் கூடாது என்பது சட்டம். கவுன்சில் இடத்தைக் கட்சி பயஸ் டார்ப்பிக்குக் கொடுக்கிறது. சைக்கிள் கடைக்காரன், பதினைந்து வருஷமாக என் சுவரொட்டிகளை ஒட்டியவன்.

"கவுன்சில்ல நான் என்ன பேசறது?"

"எதுவும் பேசாதே. குறிச்சு வெச்சுக்கோ. நான் திரும்பி வந்து பேசிக்கறேன்."

"அப்ப எனக்கு எதுக்கு நாற்காலி? உன் கோட்டை மாட்டி வைக்கவா?"

சிரித்தோம். அவன் கொஞ்சம் குறைவாகத்தான் சிரித்தான்.

9 ஏப்ரல்
திங்கள் பிரஸ்ஸல்ஸ், மாதத்தில் ஒரு வாரம் ஸ்ட்ராஸ்பர்க், வெள்ளி வீடு. பெட்டியை முழுதாகப் பிரிப்பதே இல்லை.

26 ஏப்ரல்
சனிக்கிழமை. ஊர் ஓட்டலின் பின்னறையில் மக்களைச் சந்தித்தேன். கடைசியாக வந்தவள் ஊனா பிரெஸ்லின். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், முப்பது வயதுகூட இருக்காது. போன செப்டம்பரிலிருந்து எங்கள் ஊர் கில்பிரானி முழுக்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறது, ஏரியில் கிருமி. அறிவிப்பு வருவதற்கு முன்பே அவள் குழந்தை குடித்துவிட்டிருக்கிறது. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் சலைன்.

எண்ணூறு பேர் கையெழுத்திட்ட மனுவை மேசையில் வைத்தாள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மனுக் குழுவுக்கு.

"இதை நீங்களே கொண்டுபோகணும். வேற யார்கிட்டயும் குடுக்கறதா இல்லை."

என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று உச்சி குளிர்ந்துபோனேன். அவள் மட்டும் சிரிக்கவே இல்லை.

18 ஜூன்
மாவட்டப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நான், கையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலோடு. 'கவுன்சிலுக்கு வெட்கமில்லையா?' என்று நான் கேட்டதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பயஸ் போன் செய்தான். "அந்த வெட்கங்கெட்ட கவுன்சில்ல இப்ப உக்காந்திருக்கறது நான்தான். ஞாபகம் இருக்கா?"

7 அக்டோபர்
மனுக் குழுவின் அலுவலகத்தில் ரீக்கா என்றொரு பின்லாந்துப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள். எங்கள் கவுன்சிலிலிருந்து வரவழைத்த கோப்பை என் முன்னால் வைத்தாள். "விசாரணைக்கு முன்னாடி பதினேழாம் பக்கத்தை ஒரு தடவை பாத்துடுங்க."

2004 நவம்பர் கூட்டக் குறிப்பு. சுத்திகரிப்பு நிலையத்தை ஐந்து ஆண்டு தள்ளிவைத்து, நீச்சல் குளத்தை முதலில் கட்டுவது. முன்மொழிந்தவர்: கவுன்சில் தலைவர் டெர்வ்லா ஹன்ரஹான். கீழே என் கையெழுத்து. அந்த வருஷம் தலைவர் நான்தான்.

மறந்துவிட்டேன் என்றா எழுதுவது? இது என் நாட்குறிப்பு, இதிலுமா பொய்? பொறியாளர் எழுந்து, பெருமழை வந்தால் ஏரி தாங்காது என்று எச்சரித்தார். "அப்ப மழை பெய்யாத நாளாப் பாத்துப் பேசிக்கலாம்" என்றேன். அவை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அது ஞாபகம் இருக்கிறது.

8 அக்டோபர்
கோல்மிடம் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பதினேழாம் பக்கம் வரைக்கும் எவன் படிக்கப்போறான்? வாயை மூடிக்கிட்டு இருங்க. வர்ற ஜூன் தேர்தல்ல மறுபடி நீங்கதான்."

படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே. ரீக்கா. அப்புறம் நான்.

20 அக்டோபர்
உட்கார முடியவில்லை. மதியம் முழுக்கப் பூங்காவைச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று தெரியாது. சொன்னா என்ன ஆகும்? சீட்டு போகும். சொல்லலைன்னா? ஒண்ணும் ஆகாது. அதுதான் பயமா இருக்கு — ஒண்ணுமே ஆகாது, நான் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு இன்னும் பத்து வருஷம் போஸ் குடுப்பேன்.

மாஸியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கடைக்கு வரும்போது நீ எந்தப் பக்கம் பாப்பே?" என்றார். அவ்வளவுதான்.

18 நவம்பர்
விசாரணை. ஊனா கடன் வாங்கிய நீலக் கோட்டில் வந்திருந்தாள். ஐந்து நிமிஷம் பேசினாள், தாளைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் புறங்கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தியதைச் சொன்னபோது மொழிபெயர்ப்பாளர்களின் குரல்கள்கூட ஒரு கணம் நின்றன.

அடுத்தது நான். எழுதிவைத்திருந்த பேச்சு கையில் இருந்தது. மைக்கை அழுத்தினேன். "கோப்பின் பதினேழாம் பக்கத்தில் இருப்பது என் பெயர். நிலையத்தைத் தள்ளிவைக்கச் சொன்னது நான். எச்சரித்தவரைக் கேலி செய்ததும் நான்." அதற்குமேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வேகமாகக் குறிப்பெடுத்தது மட்டும் தெரிந்தது.

வெளியே நடைக்கூடத்தில் ஊனாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும். நூலகத்துல கூட்டக் குறிப்பெல்லாம் இருக்கே. மனு எழுதறதுக்கு முன்னாடியே உங்க பேரைப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட கொண்டுவந்தே?"

"சொல்றீங்களா, இல்லையான்னு பாக்கணும்னு தோணுச்சு." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "சொல்லிட்டீங்க. அதுக்காக நன்றியெல்லாம் சொல்லமாட்டேன்."

ஏழு மாசம் அவள் கையில் இருந்திருக்கிறேன். நான் கெட்டிலைத் தூக்கிய அன்றும்.

6 பிப்ரவரி 2009
ஐரோப்பியத் தேர்தலுக்குக் கட்சி வேறு ஆளை நிறுத்திவிட்டது. கோல்ம் போன்கூடப் பண்ணவில்லை, வானொலியில்தான் கேட்டேன். சாயங்காலம் சைக்கிள் கடைக்குப் போய், கவுன்சிலுக்கே திரும்ப நிற்கப்போவதாகச் சொன்னேன். பயஸ் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான்.

"நில்லு. ஆனா என் நாற்காலியைக் கேக்காதே. நான் இப்ப அதுல உக்காரப் பழகிட்டேன். இந்தத் தடவை உன் போஸ்டரை நீயே ஒட்டிக்கோ."

ஒரு வருஷத்தில் குளத்தெருவுக்கு நடைபாதை வாங்கியிருக்கிறான். நான் பத்து வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது.

10 மே
பாதிரியார் தெருவில் ஒரு பெண் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, தண்ணி குடிக்கறீங்களா? கொதிக்க வைக்காததே இருக்கு" என்றாள். உள்ளே இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. துண்டறிக்கையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அடுத்த வீடு. அடுத்த வீடு. இருபத்துமூன்று கதவு. ஒரு கிழவர் மட்டும் உட்காரச் சொன்னார். அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

7 ஜூன்
எங்கள் பகுதிக்கு ஐந்து இடம், விருப்ப வரிசை ஓட்டு என்பதால் சுற்றுச் சுற்றாக எண்ணுவார்கள். பயஸ் முதல் எண்ணிக்கையிலேயே எல்லோருக்கும் மேலே வந்து ஜெயித்துவிட்டான். நான் ஓட்டு எண்ணும் விளையாட்டரங்கத்தில் நேற்றும் இன்றும் நின்றுகொண்டே இருந்தேன். பதினொன்றாவது சுற்றில் எனக்குக் கடைசி இடம், ஐந்தாவது, நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். யாரும் தோளில் தூக்கவில்லை. மாஸி காரைக் கிளப்பியபடி, "இப்ப வீட்டுக்குத்தானே?" என்றார். அவர் சிரித்தது நிச்சயம்.

20 ஜூலை
கவுன்சில் கூட்டம். இந்த வருஷத் தலைவர் பயஸ். எனக்குக் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய இடம், காற்று வருகிறது. நீச்சல் குளத்தை இரண்டு வருஷம் மூடி, அந்தப் பணத்தில் சுத்திகரிப்பு நிலையத்தை உடனே தொடங்குவது பற்றித் தீர்மானம். பார்வையாளர் பகுதியில் ஊனா, மடியில் குழந்தை.

எழுந்தேன். பேச எவ்வளவோ இருந்தது. நடுவிலேயே மணி அடித்தது.

"உறுப்பினர் ஹன்ரஹான், உங்க மூணு நிமிஷம் முடிஞ்சுது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். முதலில் எதிர்ப்பவர்களை, பிறகு ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு பதினேழு, எதிர்ப்பு பதினான்கு. எழுத்தர் எண்களை வாசித்து முடித்த பிறகும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏன் என்று புரியவில்லை.

பயஸ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னான்:

"எண்ணியாச்சு டெர்வ்லா. கையை இறக்கு."