அத்தானுக்குக் கிடைத்த கோட்டை

என் ஆசை அக்காவுக்கு,

உங்கள் மகள் யாழினிக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. இங்கே லவால் நகரத்து மண்டபத்தில் அத்தான் ஆடிய கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மாப்பிள்ளை இயன் வெள்ளைக்காரப் பையன். "ஆரின்ரை பிள்ளை எண்டே தெரியாது, உவனுக்கோ பொம்பிளை குடுக்கிறது?" என்று அத்தான் அவனை வாசற்படி ஏறவிடவில்லை. யாழினியோ அப்பா வராமல் தாலி கட்டமாட்டேன் என்று அழுதாள். நீங்கள் கண்மூடிய பிறகும் அந்த மனுசனுக்குப் புத்தி வரவில்லை, அக்கா.

இயன் தன் முன்னோர் கப்பலேறிய ஸ்கொட்லாந்துத் தீவுக்கே போய் விசாரித்தான். அங்கே பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பெயராம். அதனால் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று சொல்லித்தான் ஆளை அறிவார்களாம். ஒரு கிழவர் அவனுடைய ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கடலோரத்தில் உருளைக்கிழங்கு போட்ட ஏழைகள். செம்மறி வளர்க்க நிலம் வேண்டுமென்று, அதே குடும்பப் பெயருள்ள கோட்டைப் பிரபு அவர்களைத் துரத்திவிட்டானாம்.

இதில் அத்தானின் காதில் விழுந்தது கோட்டை மட்டும்தான். "பேர் ஒண்டெண்டால் ஆக்களும் ஒண்டுதானே!" அன்றே ராசபரம்பரைச் சம்பந்தம் என்று சென்ட் லோரன்ட் தமிழர் வீடுகள் முழுக்கப் போன் பறந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த அகதி, துரத்தியவனோடு உறவு கொண்டாடுகிறார். வெட்கமே கிடையாதா?

மனைவியை இழந்தவர் தாரை வார்க்கக்கூடாதென்று, மணவறையில் உங்கள் இருவர் இடத்தில் நானும் என் கணவரும் நின்றோம். தாரை வார்க்குமுன் இரு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டுமே. அத்தான் மாப்பிள்ளை பக்கத்துக்குப் பிரபுவின் பெயரை ஐயரிடம் சொன்னார். இயன் கையை உயர்த்தினான். "ஐயா, அவர் எங்கட ஆள் இல்லை." யாழினி பழக்கிய தமிழ். பிறகு தகப்பனில் தொடங்கி, மூன்றோடு நிற்காமல், துரத்தப்பட்ட ஆள்வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான்.

ஐயர் அத்தானிடம் திரும்பினார். தகப்பன் பெயர் வந்தது. பாட்டன் பெயர் வந்தது. பூட்டன்? அத்தான் கூரையைப் பார்த்தார், அங்கே எழுதியிருக்கிறதாக்கும்.

"தெரியாட்டிப் பரவாயில்லை, பரமசிவன் எண்டு சொல்லுவம்," என்றார் ஐயர்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நிமிடமே நெஞ்சு எரிந்தது. இத்தனை ஆண்களின் பெயர் சொன்ன இடத்தில், பெற்ற உங்களை ஒருவரும் கேட்கவில்லை. தாரை வார்க்கக் கையில் வைத்திருந்த நீர்ச் செம்பைச் சரிக்காமல் உங்கள் பெயரை உரக்கச் சொன்னேன். அத்தான் முறைத்தார். முறைக்கட்டும். யாழினி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அதன் பிறகுதான் நீர் வார்த்தேன்.

அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
புவனேஸ்வரியின் தங்கை